சொல்லிவிட்டுப் போட்ட இடி

பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் மீன் விற்கிற சீனர்கூடச் சபாபதியை "ராஜா" என்றுதான் கூப்பிடுவார். "ராஜா, இன்னிக்கி நெத்திலி நல்லா இருக்கு" என்பார். சபாபதியும் ராஜா மாதிரியே தலையை மட்டும் அசைத்துவிட்டு நெத்திலி வாங்கிக்கொள்வார். ஆள் வாட்டசாட்டம். செந்தூல் ரயில் பட்டறையில் பாய்லருக்கு ரிவிட் அடிக்கிற வேலை. சம்மட்டியின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே அவருக்கு அந்தக் குரல் வந்தது என்று சொல்வார்கள்.

ராஜா என்ற பெயர் நாடகத்தில் கிடைத்தது. ரயில்வே குவாட்டர்ஸ் திடலில் தீபாவளிக்கு ஒரு நாடகம் போடுவார்கள். எழுதியவர் பாலன் வாத்தியார். அதில் பிரசண்டவர்ம மகாராஜா என்று ஒருவன், யாருக்கும் அடங்காதவன். இரண்டாம் அங்கம் முடிகிற இடத்தில் வானத்தைப் பார்த்து, "இடியே, நீயும் என் காவல்காரன்தான்" என்பான். உடனே இடி விழும். அமைச்சரும் சேனாபதியும் நடுங்குவார்கள். ராஜா மட்டும் கண் இமைக்காமல் நின்று சிரிப்பான். சபாபதியின் அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகக் கிள்ளானிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் இருந்தார்கள்.

திரைக்குப் பின்னால் இடியைப் போடுகிறவர் துணிக்கடை தாவூத். உத்தரத்தில் தொங்கும் பெரிய தகரத்தை மரக்கட்டையால் ஓங்கி அடித்து, பிறகு அடிப்பக்கத்தைப் பிடித்துக் குலுக்குவார். "வருசம் பூரா துணி கிழிக்கிற சத்தந்தான் எனக்கு. ஒரு நாளாச்சும் பெருசா ஒண்ணு போட வேண்டாமா?" என்பார்.

ஜப்பான்காரன் வந்தபின் நாடகம் நின்றது. திடலில் மரவள்ளிக்கிழங்கு நட்டார்கள். மூன்று தீபாவளி அப்படியே போயிற்று. நாற்பத்தைந்தாம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பான்காரனைத் தாக்க வந்த விமானம் போட்ட குண்டு செந்தூல் பட்டறையில் விழுந்தது. சபாபதி ஒரு பாய்லருக்கு அடியில் கிடந்து உயிர் தப்பினார். காலையில் அவரோடு உட்கார்ந்து கிழங்கு தின்ற இரண்டு பேர் தப்பவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். மறுநாள் அடுப்படியில் அவர் மனைவி சீதாலெட்சுமியின் கையிலிருந்து ஒரு கரண்டி விழுந்தது. அடுத்த கணம் அந்த ஆறடி மனிதர் கட்டிலுக்கு அடியில் இருந்தார்.

சீதாலெட்சுமி சிரிக்கவில்லை, என்ன ஏது என்று கேட்கவுமில்லை. அன்று முதல் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் மட்டும் வந்தது.

"மூடியைப் போடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டியை மூடுவாள். "கதவைச் சாத்தறேன்." "உரல்ல இடிக்கப் போறேன்." "தகர டப்பாவைக் கீழ வைக்கிறேன்." சொன்னபின் ஒரு மூச்சு விடுகிற நேரம் நிற்பாள். பிறகுதான் சத்தம் வரும். சபாபதி அதைக் கவனிக்காதவர் போலவே இருப்பார். ஆனால் அவள் சொன்னதும் அவர் தோள் கொஞ்சம் இறுகும். சத்தம் வந்து போனபின் இளகும்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ஏன் சீதா, எந்த ரயிலு எத்தன மணிக்கு வருதுன்னும் சேத்துச் சொல்லிடேன்."

"உங்க வீட்டு ரயிலு என்னிக்கிக்கா நேரத்துக்கு வந்துச்சு?" என்றாள் சீதாலெட்சுமி. புஷ்பவல்லியின் கணவர் எஞ்சின் டிரைவர்.

வீட்டை ஒட்டி நின்ற தென்னைமரத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. முற்றிய காய் தகரக் கூரையில் விழுந்தால் குண்டு விழுந்த மாதிரிதான் இருக்கும். அதனால் ஒரு காயையும் முற்றவிடாமல் இளநீராகவே இறக்கிவிட்டாள். குழம்புக்குத் தேங்காய் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. சபாபதி ஏன் என்று கேட்டதில்லை.

ஜப்பான்காரன் போனான். திடலில் மரவள்ளியைப் பிடுங்கிவிட்டு மறுபடி நாடகம் போடுவது என்று பாலன் வாத்தியார் முடிவு செய்தார். செய்தி வந்த அன்று சபாபதி, பெட்டியில் கிடந்த ராஜா உடுப்பை எடுத்து உதறி வெயிலில் போட்டார். இடுப்பில் இரண்டு பிடி பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு இளைத்திருந்தார். தைத்துக்கொண்டே சீதாலெட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். நான்கு வருசமாக அந்த முகத்தில் காணாத ஒன்று திரும்பி வந்திருந்தது. இடியைப் பற்றி அவள் நினைக்காமல் இல்லை. சொல்ல மனம் வரவில்லை.

ஒத்திகை பள்ளிக்கூடத்துக் கொட்டகையில். சபாபதி வானத்தைப் பார்த்து வசனத்தைச் சொன்னார். மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து தாவூத் தகரத்தில் ஓங்கி ஒன்று போட்டார்.

சத்தம் அடங்கியபோது ராஜாவைக் காணவில்லை. அமைச்சர் வேடம் போட்ட ரமணிக்குப் பின்னால், அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"மகாராஜா, இடுப்ப விடுங்க லா, வேட்டி அவுந்துரும்" என்றான் ரமணி.

கொட்டகையே சிரித்தது. சபாபதியும் சிரித்து வைத்தார். மறுபடி செய்தார்கள், மறுபடியும் அதேதான். மூன்றாம் முறை ஓடவில்லை. ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது, சிரிப்பு வரவில்லை. அப்போது சுற்றியிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

பாலன் வாத்தியார் அவரைத் தனியாக அழைத்துப் போனார். "சபாபதி, அந்தச் சிரிப்புதான் நாடகமே. அது இல்லாட்டி ராஜா இல்ல. ரமணிக்கு உங்க வசனம் பூரா மனப்பாடம். ஞாயித்துக்கிழம ஒத்திகை வரைக்கும் பாப்போம். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"நீங்க சொல்றது சரிதான் வாத்தியாரே" என்றார் சபாபதி.

வீட்டுக்கு வரும் வழியில் மீன்காரர் "ராஜா" என்று கூப்பிட்டார். சபாபதி திரும்பாமல் நடந்தார்.

காதில் பஞ்சை வைத்துப் பார்த்தார். இடி கேட்கவில்லை, ரமணி பேசுவதும் கேட்கவில்லை. தாவூத் அடிக்குமுன் விரலைத் தூக்கிக் காட்டுவதாகச் சொன்னார். ராஜா கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டியவர். பின்னால் இருக்கிற விரலை எந்தக் கண்ணால் பார்ப்பது? சீதாலெட்சுமியேகூட, "நான் தட்டிக்குப் பின்னால உக்காந்து 'போடப்போறாங்க'ன்னு சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டாள். இந்தப் பேச்சு இருவருக்கும் நடுவில் வெளிப்படையாக வந்தது அதுதான் முதல்முறை. சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"வேணாம் சீதா. ரமணியே போடட்டும். சின்னப் பையன். நல்லா வருவான்."

"ரமணி சிரிச்சா கோழி கூவற மாதிரி இருக்கும்" என்றாள் சீதாலெட்சுமி.

சனிக்கிழமை பிற்பகல் கூரை ஒழுகுகிற இடத்தை அடைக்கலாம் என்று அவர் ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்து, கொல்லைப்புறக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். தெருமுனை வரைக்கும் கேட்கிற சத்தம். சீதாலெட்சுமி அரிசி புடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் தகரம் அலறியது. அவர் கண் இமைகூட அசையவில்லை. வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த முறம் நின்றது. கீழே கிடந்த கரண்டியை எடுத்து, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல், அவர் சம்மட்டியை நிறுத்திய நேரம் பார்த்து வேண்டுமென்றே தரையில் போட்டாள்.

சபாபதி துள்ளிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க" என்றாள். "தெரிஞ்சேதான் போட்டேன். இங்க பாருங்க, அந்தச் சம்மட்டிச் சத்தத்துக்கு முன்னால இந்தக் கரண்டி எம்மாத்திரம்? அதுக்கு நீங்க பயப்படலையே. நீங்க அடிக்கிற சத்தம் உங்கள ஒண்ணும் பண்றதில்ல. அடுத்தவங்க அடிச்சாத்தான் ஆகல."

சபாபதி கையிலிருந்த சம்மட்டியைப் பார்த்தார். பட்டறையில் மற்றவர்கள் அடிக்கும்போதெல்லாம் தானும் கூடவே அடித்துக்கொண்டுதான் நின்றார். இது அவருக்குத் தோன்றவே இல்லை.

"அதனால?" என்றார்.

"அதனால இடியையும் நீங்களே போடுங்க."

ஆனால் அந்த இடி தாவூதுடையது. இருவரும் அன்றைக்கே துணிக்கடைக்குப் போனார்கள். சபாபதி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். தாவூத் கைலி மடித்துக்கொண்டே கேட்டார்.

"எம் பொண்டாட்டிக்கே நான் பயந்தவன். உலகத்துல நான் சத்தம் போடற ஒரே எடம் அது. அதையும் கேக்க வந்துட்டியே" என்றார்.

"வேணாம்னா விட்டுருங்க பாய்" என்றாள் சீதாலெட்சுமி.

"யாரு வேணாம்னா? அடி அவன் போடட்டும். அதுக்கப்புறம் உருண்டுக்கிட்டே போகுமே, அந்தக் கொடகொடப்பு, அத நான் போடறேன். அத மட்டும் விட்டுத்தர மாட்டேன்."

பாலன் வாத்தியார்தான் முதலில் முகம் சுளித்தார். இடி வானத்திலிருந்து வருவதல்லவா, மேடையில் நிற்கிற மனுசன் எப்படி அதை அடிப்பது என்றார். அதற்குச் சீதாலெட்சுமி வாசலில் நின்றபடியே, "திமிர் பிடிச்ச ராஜாதானே? இடியே என் கையிலதான் இருக்குன்னு நெனைக்க மாட்டானா?" என்றாள். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கும்போதே புது வசனம் தயாராகிவிட்டது.

தகரத்துக்குக் கறுப்பும் தங்கமும் பூசி, அரண்மனை முரசு என்று மேடை நடுவில் தொங்கவிட்டார்கள். பின்னால், கல் போட்ட டின்களோடு தாவூத். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் சபாபதி கதாயுதத்தால் ஒரு போடு போட்டார். அசையவில்லை. சிரித்தார். ரமணியே கை தட்டினான்.

தீபாவளி வந்தது. விளக்குக்கு எண்ணெய் கிடைக்காத காலம்; பகல் வெளிச்சத்திலேயே நாடகத்தைத் தொடங்கினார்கள். திடல் நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சில் சீதாலெட்சுமி, பக்கத்தில் புஷ்பவல்லி. இரண்டாம் அங்கம் முடிகிற இடம். சபாபதி கதாயுதத்தைத் தூக்கினார்.

"இடி எங்கேயோ வானத்தில் இருப்பதாக நினைக்கிறீர்களா? இதோ, என் கையில் இருக்கிறது!"

அடித்தார். தகரம் அலறியது. தாவூத் நான்கு வருச ஆசையையும் சேர்த்துக் குலுக்கினார். சபாபதி அசையாமல் நின்று, வயிற்றிலிருந்து எழும்பிய அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தார்.

கை தட்டல் வரவில்லை. அவர் கீழே பார்த்தார். கூட்டத்தையே காணவில்லை.

எல்லாரும் தரையில் கிடந்தார்கள். தலைக்குமேல் கையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை அடியில் போட்டுக்கொண்டு, ஜப்பான் காலத்தில் பழகிய மாதிரியே கிடந்தார்கள். ஓரத்தில் நின்ற சிலர் சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையில் இருந்தவர்களுக்குத் தகரம் தெரியும். இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

சபாபதியின் கண் சீதாலெட்சுமியைத் தேடியது. பெஞ்சுக்கு அடியில் அவளுடைய பச்சைப் புடவை தெரிந்தது. இந்த இடியை யோசித்துச் சொன்னவளே அவள்தான். எப்போது விழும் என்று அவளுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமும் வீட்டிலிருந்த ஒவ்வொரு சத்தத்தையும் அவளே சொல்லி, அவளே போட்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் சொன்னதில்லை என்பது மேடையில் நின்ற அந்த நிமிசத்தில்தான் சபாபதிக்குப் புரிந்தது.

கிரீடத்தோடு மேடை விளிம்புக்கு வந்தார்.

"யாரும் பயப்படாதீங்க. போட்டது நான்தான். குண்டு இல்ல, தகரம். பாய், முன்னால வாங்க."

தாவூத் கையில் டின்னோடு தகரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இப்ப இன்னொரு தடவ போடப்போறேன். மெதுவா. போடறேன், என்ன?" ஒரு மூச்சு நின்றார். கதாயுதத்தால் லேசாகத் தட்டினார். தகரம் முனகியது. தலைகள் ஒவ்வொன்றாக எழும்பின.

"சொல்லிட்டுப் போட வேணாமா ராஜா? என் உசுரே போச்சு" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"இனிமே சொல்றேன்ணே" என்றார் ராஜா.

சீதாலெட்சுமி எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள். புஷ்பவல்லி இன்னும் அவள் கையை விடவில்லை.

கடைசி அங்கத்தில் அரண்மனை இடிகிற இடத்தில் இன்னொரு இடி உண்டு. வாத்தியார் அதை விட்டுவிடலாம் என்று சைகை காட்டினார். சபாபதி தலையாட்டி மறுத்துவிட்டார். கதாயுதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றார். புரிந்துகொண்டவர்கள் காதைப் பொத்தினார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். கடைசிக் காதும் மூடும்வரை ராஜா காத்திருந்தார். "போடுங்க" என்று திடலே சொன்னது. போட்டார். அவ்வளவு பெரிய கை தட்டல் அந்த நாடகத்துக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை.

சீதாலெட்சுமி மட்டும் காதைப் பொத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் அடுப்பு மூட்டக் குனிந்தபோது, அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கதவில் இருந்தது. கன்னத்தில் பூசிய சாயம் இன்னும் போகவில்லை.

"சீதா, கதவைச் சாத்தறேன்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ம், சாத்துங்க" என்றாள்.