பதக்கம் பிரேக் பிடிக்காது

படைப்பிரிவில் அவனுக்குத் 'திருப்பி' என்று பெயர். சரக்கு லாரியை எங்கே நிறுத்தினாலும் அதன் முகம் பாதையைப் பார்த்திருக்க வேண்டும் என்பது ஓட்டுநர்களுக்கு இட்ட கட்டளை. களைத்து வருகிறவர்கள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. வந்த வாக்கில் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். இருபத்திரண்டு வயதுக்காரனான இவனுக்கு மட்டும் அது பொறுக்காது. முணுமுணுத்துக்கொண்டே அடுத்தவன் லாரியையும் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் சாப்பிடப் போவான்.

அதனால்தான், ஒரு மதியம் மருத்துவக் கூடாரத்தை ஒட்டி நின்ற வெடிகுண்டு லாரியில் தீப்பிடித்தபோது, அது புறப்படத் தோதாக நின்றது. அந்த லாரியை ஓட்டிவந்த தூங்குமூஞ்சி நண்பன் காய்ச்சலோடு கூடாரத்துக்குள் கிடந்தான். அவனோடு, எழுந்து நடக்க முடியாதவர்கள் இன்னும் நாற்பது பேர். வெளியே இருந்தவர்கள் திசைக்கொருவராக ஓட, திருப்பி மட்டும் எரிகிற வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வறண்ட ஆற்றுப் பள்ளம்வரை ஓட்டிப்போய், வண்டியை உள்ளே இறக்கிவிட்டுக் குதித்தான். குதித்தது கொஞ்சம் தாமதம். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. கூடாரத்தில் இருந்த நாற்பத்தொரு பேரும் பிழைத்தார்கள்.

ஊரே அவனைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மேடையில் பதக்கம் குத்தினார்கள், பத்திரிகையில் படம் போட்டார்கள். "பயமா இல்லையா?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"ரொம்ப இருந்துச்சுங்க. ஆனா வண்டி நேரா நின்னுச்சு. ரிவர்ஸ் எடுக்கற வேலை மிச்சம்."

அதை அவர்கள் அச்சிடவில்லை. வீரன் என்றால் இப்படியெல்லாம் பேசக் கூடாது போலிருக்கிறது!

வீட்டில் இருந்தது அக்கா ஒருத்திதான். மோட்டார் பட்டறை நடத்தி அவனை ஆளாக்கியவள். வாயைத் திறந்தால் வசவு. அப்படிப்பட்டவள், அவன் கட்டைக்காலோடு வந்த நாளிலிருந்து பூனைபோல நடந்தாள், கதவைத் திறந்துவிட்டாள், தண்ணீர்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். திருப்பிக்கு மூச்சு முட்டியது.

"அக்கா, நான் மறுபடியும் வண்டி ஓட்டணும். கால் கிளட்ச்ச எடுத்துட்டு, கியர் கம்பியிலயே கையால இழுக்கற மாதிரி வச்சுக் குடு."

"எதுக்குப்பா? நீ செஞ்சது போதாதா? பேசாம உக்காந்து சாப்பிடு."

'எதுக்குப்பா'வாம்! பிறந்ததிலிருந்து 'டேய்' தவிர வேறெதுவும் கேட்டறியாதவனுக்கு அழுகையே வந்தது. "நீ செய்யலன்னா எதுத்த பட்டறைக்குப் போறேன்" என்றான். அது சரியான இடத்தில் தைத்தது. நாலே நாளில் பட்டறை வேனில் கை கிளட்ச்சைப் பொருத்திவிட்டாள். ஆனால் அவள் சரியாகத் தூங்குவதே இல்லை என்பது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவனுக்குத் தெரியும்.

உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் அதிகாரி அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பேனா தயாராக இருந்தது. "உங்களப் போயா தம்பி நான் சோதிக்கறது?"

"சோதிங்க சார். பதக்கம் பிரேக் பிடிக்காது."

அதிகாரி பேனாவை மூடினார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார். கடைசியில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வேன் ஒரு சாண் பின்னால் உருண்டது.

"சரியில்ல. அடுத்த வாரம் வாங்க."

வாசலில் நின்ற அக்கா இதைக் கேட்டாள். "அட எருமை! கிளட்ச் பிடிக்கறதுக்கு முன்னாடி பிரேக்க ஏன்டா விட்ட? செஞ்சு குடுத்தவ மானமே போச்சுடா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. எட்டு மாதத்தில் கேட்ட முதல் வசவு. திருப்பிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரம் முழுக்க ஏற்றம் ஏற்றமாக வேனை நிறுத்தி எடுத்தான். பக்கத்தில் அக்கா தொண்டை கட்டும்வரை திட்டினாள். மறுபடி போனபோது வண்டி இம்மியும் உருளவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். பாதி வழியில், "எப்படிக்கா ஓட்டறேன்?" என்று கேட்டான். ஓரக்கண்ணால் பார்த்தான். அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் வீடு வரும்வரை ஹார்ன் அடிக்கவில்லை.