பெயர் எழுதிய பிரம்புகள்

வினிஃப்ரெட்டுக்கு இடது காது கேட்காது. ஒன்பது வயதில், மலேசியாவில் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில், ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறியதற்கு வாத்தியார் விட்ட அறையில் செவிப்பறை கிழிந்தது. ரத்தம் சட்டைக் காலர்வரை வழிந்தது. "வலிக்கல, தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும், சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போனதும் அப்பா விசாரித்தார். விசாரித்து முடித்ததும், வாத்தியார் கை நீட்டும்படி நடந்துகொண்டதற்காக மறு கன்னத்தில் ஒன்று வைத்தார்.

இந்தக் கதையை அவள் நாற்பது வருஷம் பெருமையாகச் சொல்லி வந்தாள். "அன்னிக்கு அந்த அறை விழலன்னா இன்னிக்கு நான் எங்கயாச்சும் பால் மரம் வெட்டிக்கிட்டு இருப்பேன்." அடி வாங்கிப் படித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அதே வாத்தியாரிடம் அதே அடியை வாங்கிய அவள் தம்பி கென்னத் பதினான்கு வயதில் பள்ளியை விட்டான். பத்தொன்பதில் யோங் பெங்கில் ஒரு கும்பல் சண்டையில் பாராங் கத்தியால் வெட்டுப்பட்டுச் செத்தான். அவனை ஆளாக்காத அடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செத்தவர்கள் பள்ளி ஆண்டு விழாவில் மைக் பிடிக்க வருவதில்லையே.

இப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று. கணவர் இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு தாமான் குடியிருப்பில், தன் வீட்டு முன்கூடத்தில் பதினொரு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பெற்றவர்கள் விடியற்காலை நாலரைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுகிறவர்கள். ஒன்றரை மணிக்குப் பள்ளி வேன் பிள்ளைகளை இறக்கிவிடும். சோறு, குளியல், வீட்டுப்பாடம். ஏழு மணிவாக்கில் யாராவது வந்து கூட்டிப் போவார்கள்.

பிள்ளையைச் சேர்க்கும் நாளில் மாற்றுச் சட்டையோடும் தண்ணீர்ப் போத்தலோடும் ஒரு புதுப் பிரம்பும் வரும், பிள்ளைகள் பேச்சில் ரோத்தான். மளிகைக் கடை வாசலில் கொத்தாகத் தொங்குமே, வண்ணப் பிளாஸ்டிக் கைப்பிடி போட்டது, அதுதான். "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க டீச்சர்" என்பார்கள், சிரித்துக்கொண்டே. வினிஃப்ரெட் அதில் டேப் ஒட்டிப் பிள்ளையின் பெயரை எழுதி, மூலையில் இருக்கும் நீல வாளியில் செருகுவாள். ஒரு பிள்ளையின் பிரம்பால் இன்னொரு பிள்ளையை அடிப்பதில்லை. அதில் அவள் கறார். வாளிக்கு நேர் மேலே, சுவரில், சவுக்கால் அடிபட்டுச் செத்த ஒருவர் சிலுவையில் தொங்கினார். பதினாறு வருஷமாக அந்தப் பொருத்தம் அவள் கண்ணில் படவில்லை.

அடி வாங்கிய பிள்ளை "வலிக்கல, தேங்க்யூ டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னொன்று விழும்.

ஒரு நாள் மத்தியானம், பின்சந்தில் அதே சொற்கள் கேட்டன.

"சொல்லு! வலிக்கல சொல்லு! தேங்க்யூ சொல்லு!"

பத்து வயது மார்கஸ் தன் பெயர் எழுதிய பிரம்பால் ஒரு பூனைக்குட்டியை அடித்துக்கொண்டிருந்தான். குட்டி எப்போதோ செத்துவிட்டது. அடிக்கு அடி வால் மட்டும் துள்ளியது. பிரம்பின் நுனியில் ரோமமும் ரத்தமும் ஒட்டியிருந்தன. அவன் முகத்தில் கோபம் இல்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறவனின் முகம். அது தன் முகம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏன்டா?"

"சோத்துல வாய வச்சிருச்சு டீச்சர். மூணுதான் குடுத்தேன். அது சொல்லவே இல்ல. அதான்."

அன்றோடு பிரம்பைத் தொடுவதை நிறுத்தினாள். வாளியை மட்டும் எறியவில்லை, பெற்றவர்கள் கேட்பார்களே. அடிக்குப் பதிலாக ஒரு புது விதி கொண்டுவந்தாள்: தப்பு செய்த பிள்ளை தன் தண்டனையைத் தானே சொல்லட்டும். தனக்குத் தானே யாராவது கொடுமை செய்துகொள்வார்களா என்று நினைத்தாள். பாவம், நல்ல எண்ணம்தான்.

முதலில் மாட்டியது ஷர்மினி. எட்டு வயது. சொல்வதெழுதுதலில் நான்கு பிழை.

"நீயே சொல்லும்மா. என்ன தண்டனை?"

"இருபது."

"இருபது என்னம்மா?"

"ரோத்தான், டீச்சர்."

கூடம் சிரித்தது. "அலமாக், இருபது சின்னதுலா!" என்றான் மார்கஸ். "எனக்கு முப்பது போடுங்க டீச்சர், நான் தாங்குவேன்." இன்னொருத்தி நாற்பதுக்குப் போனாள். ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போனது. யார் தன்னை அதிகம் வெறுக்கிறார்கள் என்பதில் அப்படி ஒரு போட்டி. வினிஃப்ரெட் எல்லோரையும் அதட்டி உட்கார வைத்தாள். யாருக்கும் அடி கிடையாது என்றாள். மற்றவர்கள் முகத்தில் ஏமாற்றம். ஷர்மினி முகத்தில் மட்டும் பயம். அந்தப் பயம் ஏனென்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் குளியலறைக்குள் விசுக் விசுக்கென்று சத்தம். கதவைத் தள்ளினாள். ஷர்மினி பாவாடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தன் பிரம்பால் தன் தொடையில் அடித்துக்கொண்டிருந்தாள். தொடை முழுக்கத் தடிப்பு. ஓரிடத்தில் தோல் பிளந்து ரத்தம் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

பிரம்பைப் பிடுங்கினாள். "பைத்தியமா உனக்கு? யாரு இப்படிச் செய்யச் சொன்னா?"

"அப்பா தெனமும் தொடையப் பார்ப்பாரு டீச்சர். ரோத்தான் பட்ட தடம் இருந்தா, டீச்சர் அடிச்சிட்டாங்க, போதும்னு விட்டுருவாரு. இப்பத்தான் நீங்க அடிக்கிறதே இல்லையே. தடம் இல்லன்னா தண்ணி ஹோஸால அடிக்கிறாரு." கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "நான் அடிச்சா மெதுவாத்தான் இருக்கும்."

வினிஃப்ரெட் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகில் ஹோஸின் தடித்த கோடுகள், கறுத்ததும் சிவந்ததுமாக. இத்தனை நாள் தன் பிரம்புக்குப் பயந்த பிள்ளை, அதே பிரம்பைக் கேடயமாகப் பிடித்து வாழ்ந்திருக்கிறது. இன்று மாலை இந்தப் பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்புவதா, இல்லையா? அது ஒன்றுதான் கேள்வி. அப்போதே போலீசுக்குப் போயிருக்கலாம். பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

ஏழு மணிக்கு ஷர்மினியின் அப்பா ஜெயபாலன் ஹெல்மெட்டோடு வந்தான். சோதனைச் சாவடி வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கண்கள்.

"ஜெயபாலன், இனி பிள்ளை மேல கை வைக்காதீங்க. முதுகப் பார்த்தேன்."

"நீங்க வைக்கலயா டீச்சர்? வாளி நெறைய என்ன, பூவா வச்சிருக்கீங்க?"

"வச்சேன். தப்பு. நிறுத்திட்டேன்."

"நல்லா இருக்குலா! நாங்க அடி வாங்கலயா? நீங்க வாங்கலயா? செத்தா போயிட்டோம்?"

"என் தம்பி செத்துட்டான்."

அவன் கேட்கவில்லை. வாளியில் ஷர்மினியின் பெயரைத் தேடி எடுத்தான். "வாடி இங்க. போட்டுக் குடுக்குறியா?" முதல் அடி பிள்ளையின் தோளில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். மூன்றாவதற்கு வினிஃப்ரெட் நடுவில் பாய்ந்தாள். புருவத்திலிருந்து உதடுவரை தீக்கோடு இழுத்த மாதிரி இருந்தது. வலது கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. மூடாத கண்ணால் பார்த்துப் பிரம்பைப் பற்றி முறுக்கிப் பிடுங்கினாள். ஜெயபாலன் கால் தடுக்கிச் சுவரில் சாய்ந்தான்.

இப்போது பிரம்பு அவள் கையில்.

"அடிங்க டீச்சர்!" மார்கஸ் கத்தினான். "சொல்ல வைங்க! சொல்ல வைங்க!" மிச்சமிருந்த பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்.

கைக்குப் பதினாறு வருஷப் பழக்கம். அது அவளைக் கேட்கவில்லை. ஓங்கி விழுந்தது, அவன் புஜத்தில்.

ஜெயபாலன், முப்பத்தெட்டு வயது ஆள், கப்பல் பட்டறையில் இரும்பு அறுக்கிறவன், சட்டென்று இரு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நேராக நின்றான்.

"வலிக்கல, தேங்க்யூ சார்."

அவன் வாய் அப்படிச் சொன்னதை அவனே கேட்டான். பிள்ளைகளின் கத்தல் நின்றது. அவன் மெல்லச் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

வினிஃப்ரெட் பிரம்பை முழங்காலில் வைத்து ஒடிக்கப் பார்த்தாள். பிரம்பு ஒடியாது, வளையும். மறுபடி வாளியில் போட்டாள். மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப் போக ஆள் வந்ததும், ஷர்மினியையும் வாளியையும் காரில் ஏற்றினாள். ஜெயபாலன் தடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

போலீஸ் நிலையத்தில் வாளியை மேசைமேல் வைத்தாள். மலாய்க்காரப் பெண் போலீஸ் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். இந்தப் பிள்ளையின் அப்பா ஹோஸால் அடித்ததை எழுதுங்கள் என்றாள் வினிஃப்ரெட். இந்தப் பதினொரு பிரம்பாலும் நான் அடித்ததை எழுதுங்கள். இன்று மாலை அவரை அடித்ததையும் எழுதுங்கள். எழுதினால் வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விட மாட்டார்கள் என்று அந்தப் பெண் எச்சரித்தாள். தெரியும் என்றாள்.

நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்த ஷர்மினி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் தையல் போட வேண்டியிருக்கும்.

"வலிக்குதா டீச்சர்?"

பழைய பதில் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது."

ஷர்மினி அதை நம்பலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் கழுத்தைத் தொட்டாள்.

"எனக்கும் வலிக்குது." தொட்ட கையை எடுக்கவில்லை. "நீங்க அடிச்சப்பவும் வலிச்சுது டீச்சர். எல்லா தடவையும்."

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று பெண் போலீஸ் கேட்டாள். வினிஃப்ரெட் அதை மலாயில் சொன்னாள், ஒரு சொல் விடாமல். எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள்.