பின்னால் ஒரு பெட்டி

சுலோசனாவுக்கு வாய் அதிகம் என்று மைசூரில் அவளைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பதினான்கு வருஷமாக அந்த வாயை வைத்துத்தானே அவள் சம்பாதித்தாள்!

ஊர் ராமாபுரம். வாழ்க்கைப்பட்டது மைசூருக்கு. பாம்புக்கடிக்கு முதலுதவி சொல்லித்தரும் சின்ன அறக்கட்டளை ஒன்றில் வேலை. ராமாபுரம் இருக்கிற ஹனூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பஸ் பிடித்துப் போவாள், சாவடி முன்னால் நின்று தமிழிலும் கன்னடத்திலும் தொண்டை கிழியக் கத்துவாள். "கயிறு கட்டாதீங்க, கத்தி வெச்சுக் கீறாதீங்க, கடிபட்டவங்கள நடக்க விடாதீங்க, நேரா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்க." இவ்வளவுதான் பேச்சின் சாரம். ஆனால் இதை அவள் சொல்லிக் கேட்டால் சினிமா பார்த்த மாதிரி இருக்கும். எந்த ஊரில் எந்தப் பாம்பு எந்த வரப்பில் யாரைக் கடித்தது என்று பெயர் சொல்லிப் பேசுவாள்.

போன வருஷம் அந்தத் தொண்டை மக்கர் செய்தது. குரல்நாணில் இரண்டு சின்ன முண்டு என்றார் டாக்டர். "பேசலாம். கத்தக் கூடாது. கத்துனீங்கன்னா ஆறு மாசத்துல குரலே இருக்காது" என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டயர் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் அவள் கணவன் அய்யாவு அந்தச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தான்.

"மாதேஸ்வரன் மலைக்குப் போயி நான் வேண்டிக்கிட்டது இப்பத்தான் பலிச்சிருக்கு" என்றான்.

"வேண்டுதல் பலிச்சிருச்சில்ல, போய் மொட்டை போட்டுட்டு வாங்க" என்றாள் அவள், கத்தாமல்.

வீட்டில் சிரித்துக்கொண்டாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அவள் ஓய்வில் இருந்த அந்த மாதங்களில் அறக்கட்டளை மேலாளர் விஜய்குமார் சும்மா இருக்கவில்லை. நல்ல குரல் உள்ள ஒருவரைப் பிடித்துப் பேச்சை ரெக்கார்டு செய்து, வேனில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கட்டி, ஏழு ஊருக்குப் போய் ஒலிபரப்பிவிட்டு வந்தார். முதலில் பாட்டு, பிறகு பேச்சு, மறுபடி பாட்டு. கூட்டம் அமோகம் என்று போட்டோவோடு அறிக்கையும் எழுதினார். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இந்த வருஷமும் அப்படியே முடித்துவிடலாம், சுலோசனா ஆபீசிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கட்டும் என்று அவருக்கு எண்ணம்.

"எனக்குப் பேச்சு இருக்கு சார். சத்தம்தான் இல்ல. சத்தத்தக் கடையில வாங்கிக்கலாம்" என்றாள் சுலோசனா.

அப்படித்தான் இருவரும் சிவராம்பேட்டையில் மதன் என்பவரின் ஸ்பீக்கர் கடைக்குப் போனார்கள். மதன் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிற ஆள். வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல், சக்கரம் வைத்த, நெஞ்சு உயரப் பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து பாட்டைப் போட்டார். பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. விஜய்குமாரின் கால் தானாகத் தாளம் போட்டது.

"எப்படி அடிக்குது பாருங்க மேடம், நோடி!" என்றார் மதன்.

"நல்லாத்தான் அடிக்குது. நான் அடிவாங்க வரல. பாட்ட நிறுத்துங்க."

மதனுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்கு வருகிற எல்லோரும் போனில் ஒரு பாட்டோடுதான் வருவார்கள். பேசிப் பார்த்துப் பெட்டி வாங்கின ஆளை அவர் பார்த்ததே இல்லை. சுலோசனா விஜய்குமார் கையில் காகிதமும் பேனாவும் கொடுத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள். அவள் பத்து ஊர்ப் பெயர் சொல்வாள், காதில் விழுந்ததை அவர் எழுத வேண்டும். மேலாளரைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ரோட்டைத் தாண்ட வைத்ததில் அவளுக்கு ஒரு அல்ப சந்தோஷம், அதை மறைப்பானேன்.

பெரிய பெட்டியை வாசலில் நிறுத்தி, எப்போதும் பேசுகிற குரலிலேயே பத்துப் பெயரையும் சொன்னாள். சத்தம் தெருக்கோடி வரை போனது. விஜய்குமார் எழுதியது நான்கு. மீதியெல்லாம் "கும் கும்" என்றுதான் கேட்டதாம்.

அடுத்து, பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்று தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. இன்னொன்று மைக்கைக் கிட்டே கொண்டுபோனாலே 'கீ' என்று கூவியது. நாலாவதாக வந்தது, தோளில் மாட்டுகிற ஜோடிப் பெட்டி. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. கம்பி இல்லாமலே ஒன்றோடொன்று சேர்ந்து பேசும், ஆளுயரத் தாங்கியில் ஏற்றிவைக்கலாம். அதில் ஒன்றை மட்டும் ஏற்றி, அதே குரலில் வேறு பத்து ஊர்ப் பெயர்களைச் சொன்னாள். விஜய்குமார் ஒன்பது எழுதினார். பத்தாவதுக்கு நடுவே ஒரு பஸ் வந்துவிட்டது.

"அது பஸ்ஸோட தப்பு, பெட்டியோடது இல்ல" என்று அவரே ஒப்புக்கொண்டார்.

சுலோசனா இரண்டு பெட்டியையும் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, தாங்கிகளைக் கையில் பிடித்து, தெருமுனை வரை நடந்து திரும்பினாள். கொள்ளேகால் பஸ்ஸில் ஏறி இறங்கப் போவது அவள்தானே! மூச்சு வாங்கவில்லை. "இதுதான்" என்றாள்.

விஜய்குமார் தலையாட்டினார், ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். "மூணு ஊர் பாக்கலாம் மேடம். மூணாவது ஊருக்கு நானே வர்றேன். ஜனங்களுக்குப் போய்ச் சேரலன்னா மிச்ச நாலு ஊருக்கும் ரெக்கார்டிங்தான். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"வருத்தமா? எனக்கா?" என்றாள். அவ்வளவு நம்பிக்கை.

முதல் ஊரில் பெட்டி இரண்டையும் சாவடிக்கு இரண்டு பக்கமும் தாங்கியில் ஏற்றினாள். கடையில் படத்தில் காட்டியிருந்தது அப்படித்தான். முன்னால் ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் எப்போதும்போல் வெகுதூரம் பின்னால், மோட்டார் ரூம் சுவரோரம். அரைமணி நேரம் அருமையாகப் பேசினாள். தொண்டை வலிக்கவேயில்லை. முடித்ததும் பின்னால் போய், "என்ன சொன்னேன், சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

"நல்லாப் பேசுனீங்கக்கா" என்றார்கள்.

"கடிச்ச எடத்துக்கு மேல கட்டலாமா, கூடாதா?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு சுலோசனாவுக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னால் ராமாபுரத்துக் கூட்டங்களில் அவளே அப்படி உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் விளங்காமல் தலையாட்டியிருக்கிறாள். குரல் இருந்தவரை பேச்சு முடிந்ததும் பின்னால் போய் ஒரு தடவை கத்திச் சொல்லிவிட்டு வருவாள். இப்போது பெட்டி இருக்கிறதே என்று இருந்துவிட்டாள்.

இரண்டாவது ஊரில் பெண்களை முன்னால் கூப்பிட்டுப் பார்த்தாள். யார் வருவார்கள்? முன்வரிசையில் மாமனார், பெரிய மாமனார், கொழுந்தன் எல்லோரும் வரிசையாக இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டி வந்து எந்த மருமகளும் உட்கார மாட்டாள். சரி என்று சத்தத்தைக் கூட்டினாள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார். சுவரோரத்தில் அதே சிரிப்பு.

அன்று திரும்புகிற பஸ்ஸில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு அழுகை முட்டியது. பதினான்கு வருஷம் போச்சு, நாளை மறுநாள் நான் கம்ப்யூட்டர் முன்னால் என்று நினைத்தாள். கண்டக்டர் வந்து, "என்னக்கா, ரெட்டைப் புள்ளையா?" என்று பெட்டிகளைக் காட்டிக் கேட்டான். "ஆமா, டிக்கெட் கிடையாது" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. சொல்லிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இதுங்க ரெண்டும் ஏன் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்? பெண்கள் பெட்டியிடம் வரமாட்டார்கள். பெட்டிக்கு மாமனார் கிடையாது, கொழுந்தன் கிடையாது, அது எங்கே வேண்டுமானாலும் போகும். அட என் மண்டையே என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

மூன்றாவது ஊர் அவளுடைய ராமாபுரம். விஜய்குமார் சொன்னபடி வந்து நின்றார். சட்டைப்பையில் பென் டிரைவில் ரெக்கார்டிங் தயாராக இருந்தது. சுலோசனா ஒரு பெட்டியை ஆண்கள் முன்னால் வைத்தாள். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு கூட்டம் முழுவதையும் தாண்டிப் பின்னால் போனாள்.

"மேடம், மேடை இந்தப் பக்கம்" என்றார் விஜய்குமார்.

"எனக்குத் தெரியும் சார்."

பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், அவர்கள் முகம் பார்க்கத் தாங்கியில் ஏற்றினாள். இரண்டும் ஒரே அளவில் முழங்கியபோது ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை வந்து மோதியது. அதனால் முன்பெட்டியை நன்றாகக் குறைத்தாள். பிறகு முன்னால் போய், பக்கத்து வீட்டில் பேசுவது போலப் பேச ஆரம்பித்தாள். கால்மணி நேரத்துக்குள் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. பதினான்கு வருஷத்தில் எந்த ஊரிலும் பெண்கள் பக்கத்திலிருந்து உயர்ந்த முதல் கை அது.

சுலோசனா மைக்கை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள். பெயர் தேவம்மா, நாற்பது வயதிருக்கும், போன வருஷம்தான் இந்த ஊருக்குக் குடிவந்தவள். மைக்கைப் பிடித்ததும் பெட்டி கூவியது. சுலோசனா அவளைப் பெட்டிக்குப் பின்பக்கமாக இழுத்து நிறுத்தினாள். முன்னால் இருந்த ஆண்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"போன வருஷம் இதே எடத்துக்குப் பெரிய பெட்டி ஒண்ணு வந்துச்சுங். பாட்டு நல்லாக் கேட்டுச்சுங். பேச்சு ஒண்ணும் வெளங்கல. தலையாட்டிட்டு ஊட்டுக்குப் போயிட்டோம்" என்றாள் தேவம்மா. "ரெண்டு மாசங்கழிச்சு எங்கூட்டுக்காரரப் பாம்பு கடிச்சுதுங். நாந்தான் சேலையக் கிழிச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டு இறுக்கிக் கட்டினேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் கட்டினேன். உசுரு பொழச்சுது, காலு போயிருச்சுங். கட்டக் கூடாதுன்னு இன்னிக்குத்தான் என் காதுல விழுது."

முன்வரிசையில் பக்கத்தில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் திரும்பவில்லை, தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சுலோசனா தேவம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உன் மேல தப்பு இல்ல கண்ணு. உனக்குக் கேக்கற மாதிரி யாரும் சொல்லல" என்றாள். மைக் திறந்தே இருந்ததால் அது ஊருக்கே கேட்டது. விஜய்குமாருக்கும்தான்.

"இன்னொருக்காச் சொல்லுங்க்கா, மொதல்லருந்து" என்றாள் தேவம்மா. சுலோசனா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கத்தவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவள் பெட்டிகளைக் கழற்றப் போனால், பின்பெட்டி ஏற்கெனவே விஜய்குமார் தோளில் இருந்தது. பஸ் நிற்கிற இடம் வரை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே வந்ததும் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மேடம், நாளைக்குப் போற ஊர்ல பொம்பளைங்க எங்க உக்காருவாங்க?"