நான் விற்ற படம், அவர் வாங்கிய அடி

அந்தப் படத்தைத் திருடி விற்றவன் நான்தான். அதற்காக அடி வாங்கியவர் வேறொருவர். அவரை அடித்த மூவரில் நானும் ஒருவன்... மூவரிலும் மோசமாக அடித்தவன்!

இதை இன்றுவரை நான் எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வது, நீங்கள் என்னை அறியாதவர் என்பதால். அறிந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அந்தக் கோழைத்தனத்தையும் என் குற்றங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லியடிச் சந்தைக்கு அருகில், ஒரு கடையின் மேல்மாடியில் எனக்கு ஓர் அறை உண்டு. கலியாண வீட்டு வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். குகன் உடுவிலைச் சேர்ந்தவன். என் பள்ளித் தோழன். ஒரு கிணற்றுப் பங்குக்காகப் பேச்சை முறித்துக்கொண்ட இரண்டு சகோதரிகளைப் பற்றி அவன் ஒரு படம் எடுத்தான். மூன்று வருடங்கள் எடுத்தான்! மோட்டார் சைக்கிளை விற்றான். நிச்சயமாகியிருந்த கலியாணத்தைத் தள்ளிப்போட்டான். அதில் நடித்த கொழும்புத்துறை மீனவர் ரஞ்சன், புது எஞ்சினுக்கென்று சேர்த்திருந்த காசைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் சம்பளமில்லாமல் தொகுத்தேன். படம் ஓடினால் எனக்கு ஒரு பங்கு என்று பேச்சு.

படம் முடிந்ததும், அதை எப்படி வெளியிடுவது என்பதில்தான் எங்களுக்குள் முதல் விரிசல் விழுந்தது.

எங்கள் ஊர்த் திரையரங்குகள் இந்தியப் படங்களால் உயிர்வாழ்பவை. பெரிய நடிகர் ஒருவரின் படம் வந்தால் நாள் முழுவதும் அதுதான். எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது, ஆட்கள் வேலைக்குப் போயிருக்கும் காலைக் காட்சியும் மதியக் காட்சியும். வசூலில் பாதி அரங்குக்கு. மிச்சப் பாதியைச் சுவரொட்டியும் விளம்பரமும் தின்றுவிடும். வெளிநாட்டிலுள்ள நம்மவரோ, ஒரு கோப்பி குடிக்கும் காசைக் கட்டி வீட்டிலிருந்தே தரவிறக்கிப் பார்ப்பார்கள். முதலில் அவர்களுக்கே விற்போம் என்றேன் நான்.

குகன் கேட்கவில்லை.

“மச்சான், எங்கடை சனம் இருட்டுக்குள்ள ஒண்டா இருந்து எங்கடை படத்தைப் பாக்க வேணும். பிறகு இன்ரநெற்றில போடுவம்.”

“பாக்க வராயினமடா! நாலு நாளில தூக்கிப் போடுவாங்கள்.”

“தூக்கட்டும். நாலு நாளாவது ஓடட்டும்.”

அரங்கு உரிமையாளர் ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு மாதத்துக்குப் படம் இணையத்தில் எங்கும் தென்படக் கூடாது. தென்பட்டால் மறுநாளே தூக்கிவிடுவார். குகன் கையெழுத்திட்டான்.

அந்த வாரந்தான் பாரிசிலிருந்து ஒருவன் என்னோடு கதைத்தான். படங்களை வாங்கித் தன் தளத்தில் ஏற்றுபவன். படத்தின் கணினிக் கோப்பை இப்போதே அனுப்பினால் முழுக் காசும் இப்போதே தருவதாகச் சொன்னான். “ஒரு மாதம் பொறுத்துத்தான் போடுவன், பயப்பிடாதேங்கோ” என்றான்.

நான் அதை நம்பினேனா? இந்தக் கேள்வியை எத்தனை முறை என்னிடமே கேட்டிருப்பேன்! நம்பியதாகச் சொல்லிக்கொண்டேன். அவன் பொறுக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன்... மூன்று வருட உழைப்புக்கு என் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று மனம் கொதித்தது. குகனின் பிடிவாதம் தோற்க வேண்டும் என்றும் ஓர் ஆசை இருந்தது. ஆம், அதுவும் இருந்தது!

முதல் நாள் அரங்கு நிறைந்தது. உடுவிலிலிருந்து பெண்கள் வாடகைக்கு வான் பிடித்து வந்தார்கள். ரஞ்சன் திரையில் தோன்றியபோது கொழும்புத்துறைக்காரர் எழுந்து நின்று விசிலடித்தார்கள். குகன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் கண்ணீரின் சூடு என் சட்டையைத் தாண்டிச் சுட்டது.

மறுநாட் காலை, படம் எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. அரங்க வாசலில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர், இருக்கையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பதினொரு பேர். மூன்றாம் நாள் சுவரொட்டியைக் கிழித்தார்கள். அதே இடத்தில் இந்தியப் படத்தின் சுவரொட்டியை ஒட்டினார்கள்.

குகன் என் அறைக்கு வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. ரஞ்சன் பின்னால் நின்றார்.

“கோப்பு மூண்டே மூண்டு இடத்திலதான் இருந்தது மச்சான். என்னட்டை, உன்னட்டை, தியேட்டரில. உன்ரை கொம்பியூட்டரில இருந்து ஆரும் எடுத்திருப்பினமோ?”

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்! அவன் என்னை அறைந்திருப்பான். மூஞ்சியில் காறித் துப்பியிருப்பான். அவ்வளவுதானே...

நான் சொன்னேன்: “தியேட்டர் ஒப்பரேட்டர் தவம் அண்ணையின்ரை கையிலதான் ஹார்ட் டிஸ்க் கிடந்தது. அந்தாள் இப்ப புது ஃபோன் ஒண்டும் வாங்கியிருக்கிறார்.”

மகளின் படிப்புக்காகச் சீட்டெடுத்து வாங்கிய தொலைபேசி அது. அவரே என்னிடம் காட்டி மகிழ்ந்திருந்தார். அதை வைத்தே அவரைக் காட்டிக்கொடுத்தேன். செய்யாத குற்றத்துக்கு ஒருவரைக் காட்டிக்கொடுக்க முடியுமா? முடியும். நான் செய்திருக்கிறேன்.

அன்று நண்பகல். படம் ஓட்டும் அறைக்கு இரும்புப் படிகளால் ஏறினோம். இரண்டு காட்சிகளுக்கு இடைப்பட்ட நேரம். கீழே அரங்கு வெறுமையாகக் கிடந்தது. தவம் அண்ணை சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, “வாங்கோ தம்பியவை, சாப்பிட்டாச்சோ?” என்றார்.

ரஞ்சனின் முதல் உதையில் அவர் சோற்றின் மேல் விழுந்தார்.

“எவ்வளவுக்கு வித்தனி? சொல்லடா! என்ரை எஞ்சின் காசடா அது!”

“என்ன தம்பி... என்ன வித்தனான்? ஐயோ, என்ரை பிள்ளையாணை...”

யாரையும் அதட்டிக்கூடப் பேசாத குகன், அன்று கமராத் தாங்கியின் இரும்புக் காலைக் கொண்டுவந்திருந்தான். என்னைப் பார்த்து, “கையைப் பிடியடா!” என்று கத்தினான். நான் பிடித்தேன்! வலது கையை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். இரும்பு இறங்கியபோது அந்த எலும்பு முறிந்தது என் விரல்களுக்குள் தெரிந்தது. சத்தமாக அல்ல... உள்ளங்கையில் ஓர் அதிர்வாக. அவர் அலறவில்லை. மூச்சு மட்டும் உள்ளே போய், அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு அவர் குகனைப் பார்க்கவில்லை. ரஞ்சனையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“தம்பி, நீர் சொல்லும்... நேற்று மகளின்ரை ஃபோனில உந்தப் படத்தைப் பாத்தனான். உது தியேட்டருக்கு வந்த கொப்பி இல்லை. எங்கடையில கிணத்தடியில நாய் குலைக்கும். உதில குலைக்கேல்லை...”

அவர் சொன்னது எனக்கு மட்டும் புரிந்தது.

அந்த நாயின் குரலை நான் கடைசி வாரந்தான் சேர்த்தேன். சேர்த்த பிரதி குகனிடமும் அரங்கிலும் இருந்தது. சேர்க்காத பழைய பிரதி உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது... என் கணினியில். அதைத்தான் அவசரத்தில் பாரிசுக்கு அனுப்பியிருந்தேன்! படம் ஓட்டும் அறையிலிருந்தபடி ஒவ்வொரு காட்சியையும் கவனமாகப் பார்த்திருந்த ஒருவருக்கு மட்டுமே அது பிடிபட்டிருந்தது.

ரஞ்சன் கத்திக்கொண்டிருந்தார். குகன் விம்மிக்கொண்டிருந்தான். அவர்கள் காதில் அது இன்னும் ஏறவில்லை. தவம் அண்ணை மறுபடி வாயைத் திறந்தார்.

“அப்ப உது போனது...”

கதவின் ஆமைப்பூட்டு மேசையில் கிடந்தது. கனமான பழைய பூட்டு. அதை எடுத்து அவர் வாயில் ஓங்கி அடித்தேன். ஒரு முறை அல்ல. மூன்று முறை! தாடை ஒரு பக்கமாகச் சரிந்தது. பற்கள் சோற்றுப் பருக்கைகளுக்கிடையே விழுந்தன. இரத்தம் என் மணிக்கட்டு வரை வந்தது.

“காணும் மச்சான்! செத்துப்போவார்!” என்று என்னைப் பிடித்திழுத்தவன் குகன்தான். இரும்போடு வந்தவனே பயந்து போகும்படி அடித்திருக்கிறேன்.

குகன் படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். நான்தான் அவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினேன். வழியில் அவர் காதோரம் குனிந்து, “படியால விழுந்தது எண்டு சொல்லுங்கோ. பொலிசுக்குப் போனா படம் வித்ததுக்கு உங்களைத்தான் பிடிப்பினம்” என்றேன். வாய் பேச முடியாதவரிடம் சொன்னேன்! வைத்தியசாலையில் கேட்டபோது நானே பதில் சொன்னேன். அவர் தலையை அசைத்தார்.

ஆறு வாரம் தாடையைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். அரங்கு வேலை போனது. இப்போது பேருந்து நிலையத்துக்கு அருகே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் இடது கையால் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுக்கிறார். பாரிஸ்காரன் அனுப்பிய காசில் நான் புதுக் கணினி வாங்கினேன். அதில்தான் இன்றும் மணமக்கள் சிரிக்கிறார்கள்.

ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அரியாலையிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை. அவருடைய மனைவி கதவைத் திறந்தார். என் பெயரைச் சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்களே தம்பி, அண்டைக்கு இவரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனது? நீங்கள் இல்லாட்டி எனக்கு இவர் இல்லை.”

தவம் அண்ணை உள்ளே கதிரையில் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. கோணிப்போன அந்த வாயிலிருந்து சொற்கள் நசுங்கி நசுங்கி வந்தன.

“தேத்தண்ணி குடு... குடிச்சிட்டுப் போகட்டும்.”

அது மன்னிப்பா? வெறுப்பா? வீட்டில் எதையும் சொல்லாமல் ஏன் இருக்கிறார்? என் மிரட்டல் இன்னும் அவரைப் பிடித்து வைத்திருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை... கேட்கவும் இல்லை. தேநீரைக் குடித்தேன். அவர் என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவேயில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்தேன்.

குகன் இணையத்தில் வந்த பிரதியை இன்றுவரை பார்க்கவில்லை. பார்க்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். அவரை அடித்த குற்றவுணர்வில் ஒவ்வொரு மாதமும் அந்த வீட்டுக்கு அரிசியும் மாவும் அனுப்புகிறான். திருடனானாலும் அப்படி அடித்திருக்கக் கூடாது என்பான். நான் ஆமோதிப்பேன்.

போன வாரம் அவன் வந்தான். புதிய கதை ஒன்று எழுதியிருக்கிறான். கண்களில் பழைய வெளிச்சம்.

“இந்த முறை தியேட்டர் வேண்டாம் மச்சான். நேரா நெற்றிலயே விப்பம். நீ அண்டைக்கே சொன்னனி, நான்தான் கேக்கேல்லை. கொப்பி முழுக்க உன்னட்டையே இருக்கட்டும். வேற ஒருத்தரையும் நம்பேலாது.”

நான் ஓம் என்றேன்.