வெங்காயம் தாங்கிய மானிட்டர் கேபிள்

போன வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டு மானிட்டரில் எல்லாப் புடவையும் பச்சையாகிவிட்டது.

மானிட்டருக்குள் புடவை எப்படி வந்தது? என் மகள் கலாவுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கூடி வருகிற மாதிரி இருந்தது. ஆன்லைனில் புடவை விற்கும் கம்பெனி. படத்தைப் பார்த்து இது சிவப்பு, இது நீலம் என்று கலர் பெயர் எழுத வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் ட்ரையல் முடித்து அனுப்பினால் வேலை. இல்லையென்றால், எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பாதிப் பேர் செய்வதைத்தான் அவளும் செய்ய வேண்டும் — விடிவதற்குள் பெங்களூர் ரயில், இருட்டிய பின் வீடு.

மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். எலி!

மானிட்டர் கேபிளைக் கடித்திருந்தது. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மெல்லிய ஒயர்கள். பச்சையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் துண்டித்திருந்தது. அதுவும் கலர் தோலை உரித்துத் தின்றுவிட்டு, செம்பை மட்டும் எங்களுக்கு மிச்சம் வைத்திருந்தது. பழைய மானிட்டர், கேபிள் அதோடு ஒட்டிப் பிறந்தது. கழற்றி மாற்ற முடியாது.

கடையில் போய் விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சம். நான் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடும் இன்சுலேஷன் டேப்புமாக உட்கார்ந்தேன். எது சிவப்பு, எது நீலம்? செம்பு முனைகள் எல்லாம் ஒரே முகமாக இருந்தன. குத்துமதிப்பாக முறுக்கி, டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சித்தப்பா உள்ளே வந்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு இருக்கிறதே, அந்தக் கேஜின் ரோப்பைப் பார்த்துக்கொண்டவர். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம்... அவர் மட்டும் இன்னும் ஷிப்டில் இருக்கிறார்.

"இன்னாபா, ஜாயிண்ட் போட்டுக்கிறியா?"

"ஆமா சித்தப்பா."

"லோடு டெஸ்ட் பண்ணியா?"

"இது கம்ப்யூட்டர் ஒயரு சித்தப்பா..."

"ஒயரோ ரோப்போ, ஜாயிண்ட்டுனா ஜாயிண்ட்டுதான். வெயிட் கட்டிப் பாக்காம ஆள ஏத்துவியா?"

யாரை ஏற்றப் போகிறோம்? கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ஆளா?

அடுத்த நிமிஷம் மானிட்டர் கட்டில்மேல் குப்புறக் கிடந்தது. நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேபிள் கட்டிலுக்குக் கீழே தொங்கியது — முனையில் வெங்காயப் பை. மணி அடிக்காமல் கேஜ் நகரக் கூடாதாம். சித்தப்பா பூஜை மணியை எடுத்து வந்தார்.

"சாமி மணிய எடுத்துக்கினு போறாரு, கேக்க மாட்டீங்களா?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள்.

"அப்பா, டைம் ஆவுதுப்பா!" என்றாள் கலா. குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

சித்தப்பா மணி அடித்தார். பையிலிருந்து கையை எடுத்தார். வெங்காயம் ஆடியது... ஆடி நின்றது. ஜாயிண்ட் விடவில்லை! சத்தம் கேட்டு வாசலில் கூடியிருந்த தெருவே கை தட்டியது.

மானிட்டரை நிமிர்த்தி ஆன் செய்தோம். நீல முகமும் நீல உதடுமாக, நீலப் பட்டு கட்டி ஒரு பெண் சிரித்தாள். கோயில் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி. சிவப்பையும் நீலத்தையும் மாற்றி முறுக்கியிருக்கிறேன்.

பிரிக்கலாம் என்று பிளேடை எடுத்தேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டெஸ்ட்டு பாஸான ஜாயிண்ட்ட பிரிப்பியா? அப்புறம் மறுபடி வெங்காயம் கட்டணும்."

"கலரு மாறிப் போச்சே சித்தப்பா?"

"கலரு உன் டிபார்ட்மெண்ட்டு. ரோப்பு மட்டும்தான் என்னுது."

கலா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீலமாகத் தெரிந்ததைச் சிவப்பு என்று எழுதினாள். சிவப்பாகத் தெரிந்தால் நீலம். வானநீலம் வந்தால் மஞ்சள். பச்சை வந்தபோது மட்டும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அனுப்பியும் விட்டாள்.

யோசித்துப் பார்த்தால், ஊருக்கு ஊர் பயம் வேறு. மற்ற ஊர்களில் எதையாவது ஒட்டவைத்தால் 'வேலை செய்யுமா?' என்பார்கள். நாங்கள் 'ஆள் தாங்குமா?' என்போம். பூமிக்குள் இறங்கிவிட்டு மேலே வர வேண்டியிருந்த ஊர் இல்லையா?

திங்கட்கிழமை வேலை உறுதியாகிவிட்டது. அதற்குக் காரணம் தன் லோடு டெஸ்ட்தான் என்று சித்தப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. "புது மானிட்டர் வாங்கிடலாமா கலா?" என்றேன்.

"வேணாம்பா. அதுல சிவப்பு சிவப்பாவே தெரியும். எனக்குக் கொழம்பிடும்."