பின்மூடியில் ஒட்டியிருந்த லேபிள்

கரமனையில் ஒரு வாசகசாலையின் மாடியில் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எல்லாருக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக் கிறுக்கு. ஆளுக்கொரு ரேடியோவைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவோம். மேசைமேல் வைத்ததும் முதல் கேள்வி, இது எந்த மாடல் என்பதுதான்.

கேட்பதற்குச் சுலபம். ஒரே பெட்டியைக் கம்பெனிக்காரன் பத்து வருடம் விற்றிருப்பான். வெளியே அதே முகம், உள்ளே வேறு சரக்கு. மாடல் எண் பின்மூடியில் ஒட்டிய லேபிளில்தான் இருக்கும். பெரும்பாலான ரேடியோக்களில் அது கிழிந்தோ கரையான் தின்றோ போயிருக்கும். பிறகு டயலில் உள்ள எழுத்து, குமிழின் விளிம்பு, பேட்டரி வைக்கும் அறையின் வாட்டம், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்வதில் எங்களில் ஒருவரை மிஞ்ச ஆளில்லை. பொதுப்பணித் துறையில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். கரமனை அக்ரகாரத்தில் மகளோடு இருந்தார். எண்பதை நெருங்கியவர். நாங்கள் சார் என்போம். யாராவது மாடலைத் தவறாகச் சொன்னால் அவர் திட்டமாட்டார். நாக்கால் மேலண்ணத்தில் 'ச்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அதற்குப் பிறகு சரியான எண்ணைச் சொல்வார். அந்தச் சத்தத்தை நான் எட்டு வருடத்தில் எத்தனை முறை வாங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர் முன்னால் வாங்கினேன். அவர்களை அழைத்து வந்ததே நான். அவர்கள் திரும்பிப் போகும்போது சாரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்தவர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். நான் படித்து, ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். சார் என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு நான் செய்ததற்கு வேறு காரணம் கிடையாது. அந்த 'ச்' மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் சாருக்குக் கண் போக ஆரம்பித்தது. சர்க்கரை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ரேடியோவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். விரலால் குமிழைச் சுற்றித் தடவுவார். சுவிட்சைப் போட்டு அந்த 'டக்'கைக் காதுகொடுத்துக் கேட்பார். அப்படியும் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். மகள் மாடிப்படி வரை கைபிடித்துக் கொண்டுவந்து விடுவாள். மேலே அவராகவே கைப்பிடியைப் பற்றி ஏறி வருவார். எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தோம். அதில் கொஞ்சம் வேடிக்கையும் இருந்தது.

கூட்டத்தில் கிழக்கேகோட்டையில் மொபைல் கடை வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. அவர்தான் முதலில் சொன்னார், சாருக்கு ஒரு பரீட்சை வைக்கலாம் என்று. வினாத்தாள் தயாரித்தவன் நான். மூன்று பேண்ட் ரேடியோ ஒன்றின் பெட்டியை எடுத்துக்கொண்டேன். உள்ளே இரண்டு பேண்ட் செட்டின் பலகையை வைத்தேன். குமிழ்கள் மூன்றாவது ஒன்றிலிருந்து வந்தன. அளவு சேராத இடங்களை அரத்தால் ராவினேன். மூன்று வாரம் ஆயிற்று. அவ்வளவு கவனமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. எல்லாம் முடிந்தபின் பின்மூடியில் லேபிள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சமையலறையில் பப்படப் பொட்டலம் கிடந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நனைத்து உரித்து, அளவாக வெட்டி, அங்கே ஒட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரின் கையில் அதைக் கொடுத்தேன். கடைக்காரர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். சார் பெட்டியைத் தடவினார். குமிழைத் திருகினார். விரல் சற்று நின்றது. மறுபடியும் குமிழைத் தொட்டார். அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, அதை நான் பார்த்தேன். அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

கடைசியில் பெட்டியின் வடிவத்தை வைத்து ஒரு மாடல் எண்ணைச் சொன்னார். எல்லாரும் கரெக்ட், கரெக்ட் என்றார்கள். அவர் முகம் தெளிந்தது. அப்போது நான் சொன்னேன்:

"லேபிள் அப்படியே இருக்கு சார். சீரியல் நம்பரையும் ஒண்ணு வாசிங்க, நான் நோட்டுல எழுதிக்கிடுதேன்."

சார் ரேடியோவைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்மூடியை முகத்தோடு சேர்த்தார். பப்படப் பொட்டலத்தின் காகிதத்தில் ஒரு விரலை வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தி, ஒவ்வோர் எண்ணாக ஆறு எண்கள் வாசித்தார். நான் நோட்டில் எழுதுவதுபோலப் பேனாவை அசைத்தேன். பின்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். இன்னொருவருக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். அது எதற்கான சிரிப்பு என்று தெரியாமல் சாரும் கூடச் சிரித்தார்.

வீடியோ மத்தியானமே குழுவில் வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வெளியூர்க்காரர்களும் சேர்த்து நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சாரின் எண்ணும் அதில் இருந்தது. கண் தெரியாதவர் எங்கே பார்க்கப் போகிறார் என்று நினைத்தோம். கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்துகொண்டே இருந்தன. லேபிளைப் பெரிதாக்கி ஒருவர் தனிப்படமாகப் போட்டார். பப்படம் பொரிந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். லேபிள் ஐடியா யாருடையது என்று கடைக்காரர் என் பெயரைப் போட்டு எழுதியபோது, எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த இரண்டாம் ஞாயிறு சார் வரவில்லை. அதற்கு மறுநாள் கரமனை பஸ் ஸ்டாப்பில் அவருடைய மகளைப் பார்த்தேன். பள்ளிக்கூட ஆசிரியை. நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவது. சாருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை" என்றாள். "அப்பாவோட போன்ல வரதெல்லாம் நானாக்கும் தினம் வாசிச்சுக் குடுக்கறது. ரெண்டு வருஷமா."

அந்த வீடியோவையுமா என்று கேட்டேன்.

"அதில என்ன இருக்குன்னு கேட்டார், சொன்னேன். சிரிக்கற மூஞ்சி எத்தனை இருக்குன்னு கேட்டார். எண்ணிச் சொன்னேன்."

அவரிடம் ஏன் சொன்னீர்கள், மறைத்திருக்கலாமே என்று நான் சொன்னேன். சொல்லும்போதே என் வாய் கூசியது. அவள் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "நீங்க எல்லாரும் கூடி அவர்ட்ட பொய் சொல்லியாச்சு. ஆத்துலயும் ஒருத்தி சொல்லணுமா?" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சார் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் உட்காருங்கோ என்றார். மன்னிப்புக் கேட்டேன். தப்பாயிட்டு சார் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குமிழ் அந்தச் செட்டோடது அல்ல, இல்லையா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"தொட்டப்பவே மனசிலாச்சு. நீங்க எல்லாரும் கரெக்ட்னு சொன்னேள். சரி, என் விரலும் போயாச்சுன்னு நெனச்சேன்."

மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். கிளம்பும்போது அவர் மெதுவாகப் போயிட்டு வாங்கோ என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, சாரின் எண்ணிலிருந்து குழுவில் ஒரு குரல்செய்தி வந்தது. பதினொரு நிமிடம். கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவரவர் பெருமையாக வைத்திருக்கும் ரேடியோ உண்மையில் எந்த மாடல் என்று சொன்னார். குரலில் கோபமே இல்லை. கடைக்காரர் விமான நிலையத்துக்கே போய் வாங்கி வந்ததாகச் சொல்லும் வெளிநாட்டு செட், இங்கேயே பெட்டி மாற்றப்பட்டது. வக்கீல் ஒருவரின் முதல் மாடல், டயல் கண்ணாடி மட்டும் முதல் மாடல். இப்படியே போயிற்று. இத்தனை வருடம் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அந்த 'ச்' சத்தம் சின்னத் தவறுகளுக்கு மட்டும்தான் என்று அப்போது புரிந்தது. ஆள் உடைந்துபோகும் இடங்களில் அவர் நல்ல செட் என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

கடைசியாக என் ரேடியோவுக்கு வந்தார்.

அது அப்பா வாங்கியது. நான் பிறந்த வாரத்திலேயே அப்பா அதை எனக்கென்று வாங்கினார் என்று அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதைக் கூட்டத்திலும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்பா இறந்தபின் அதற்காகத் தம்பிக்கும் எனக்கும் சண்டை வந்தது. எனக்காக வாங்கியது, எனக்குத்தான் என்று நான் பிடிவாதமாக எடுத்துவந்தேன். அம்மா நெய்யாற்றின்கரையில் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். பெரியவன் ரேடியோவை எடுத்துக்கொண்டான், சின்னவன் அம்மாவை எடுத்துக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

"அது அவர் சொல்ற வருஷத்துல உண்டாக்கினதல்ல" என்றார் சார். "டயல்ல கிலோஹெர்ட்ஸ்னு இருக்கு. பழசுன்னா கிலோசைக்கிள்னு இருக்கணும். உள்ள முழுக்க சிலிக்கான் டிரான்சிஸ்டராக்கும். ஏழு வருஷமாவது பிந்தினது. அம்மா சொன்ன கதையை நான் எதுக்குக் கெடுக்கணும்னு வச்சிருந்தேன். இனி வேண்டாம்."

செய்தி அதோடு முடிந்தது. அவர் குழுவை விட்டு விலகினார் என்று கீழே ஒரு வரி வந்தது.

நான் அலமாரியிலிருந்து ரேடியோவை இறக்கினேன். டயலின் ஓரத்தில் அரிசி அளவில் அந்த எழுத்து இருந்தது. இதற்குமுன் அதைப் பார்த்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பார்த்திருக்கிறேன். மற்றவர்களுடைய ரேடியோவில் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. பின்மூடியைக் கழற்றினேன். கறுப்புப் பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர்கள் வரிசையாக நின்றன. நான் பிறந்த வருடத்து ரேடியோ என்றால் அங்கே வெள்ளி நிறத் தகரக் குப்பிகள் இருந்திருக்கும். என் தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன்.

அடுத்த நாள் நெய்யாற்றின்கரைக்குப் போனேன். அம்மா பின்வாசலில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியே இருக்கவில்லை.

"அவன் பொறந்ததுக்குத்தான் வாங்கினாவ" என்றாள். "தம்பிக்கு மட்டும் ரேடியோவான்னு நீ மூணு நாளு சோறு திங்கல. உனக்கு வாங்கினதுதாம்ல, நீ பொறந்தப்பமே வாங்கி ஓட்டல்ல வச்சிருந்தாவன்னு ஒரு வாக்கு சொன்னேன். நீ அதையே புடிச்சுக்கிட்ட."

பிறகு நாங்கள் சண்டை போட்டபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். அவள் உள்ளித் தோலை முறத்தில் ஒதுக்கினாள். "நீ எடுத்துட்டுப் போனா ஒழிஞ்சுதுன்னு இருந்துச்சு" என்றாள்.

அவள் ரேடியோவைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது தம்பி அடுக்களை வாசலில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னான். சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். அப்பா இறந்த பிறகு அவன் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்காரவில்லை. "அண்ணே, அதை எடுத்துக்கிடுதேன்" என்றான். நான் ரேடியோவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். துண்டைப் பிரித்து என்னிடமே தந்துவிட்டு, ரேடியோவை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. போக வேண்டியவனிடம் போய்ச் சேர்ந்தது, இனி அவன் என்னோடு பேசுவான் என்று நினைத்தேன். அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. சாரை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். குரல்செய்தியைப் பற்றிக் குழுவில் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை, கூட்டத்திலும் பேசவில்லையாம். ஆனால் அவர் சொன்ன மாடல் எண்களைத்தான் இப்போது எல்லாரும் தங்கள் ரேடியோக்களுக்குச் சொல்கிறார்கள்.

தம்பி ரேடியோவை எடுத்துப்போய் மூன்று வாரம் கழித்து, மொபைல் கடைக்காரர் குழுவில் ஒரு படம் போட்டார். புதிதாகத் தன்னிடம் வந்த ரேடியோ என்று எழுதியிருந்தார். இடது மூலையில், சின்ன வயதில் நான் கீழே போட்டு உண்டாக்கிய வெடிப்பு இருந்தது. தம்பி அதை வீட்டில் ஒரு மாதம்கூட வைத்திருக்கவில்லை. அதை யாரிடம் கொடுத்தால் என் கண்ணில் படும் என்று யோசித்துத்தான் கொடுத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அவனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. படத்தின் கீழே கடைக்காரர், சார் சொல்லியிருந்த மாடல் எண்ணைச் சரியாகப் போட்டிருந்தார், கடைசியில் வரும் எழுத்து உட்பட. எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன்.