நூல்கண்டுக் கட்டை உருண்ட சுவர்

எளாவூர் பால்வாடி டீச்சர் ஆரோக்கியமேரிக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான் ஏராளமாயிற்றே! அவளுடைய அம்மா அடுத்தவர் வயலில் கூலி. மேரியை வரப்பில் போட்டுவிட்டுத்தான் நாற்று நடுவாள். வெயிலில் அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்ததை மேரி மறக்கவே இல்லை. எட்டாவது படித்தாள், பாதிரியார் தயவில் பால்வாடிப் பயிற்சிக்கும் போனாள். லாரியோடு வடக்கே போன புருஷன் திரும்பாமல் போனபோது மூலையில் உட்காராமல் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

பால்வாடி என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். பஞ்சாயத்துத் தலைவர் பூவராகவனின் பழைய நெல் கொட்டகை, அவ்வளவுதான். கூலிக்குப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். கலர் வேண்டும், காகிதம் வேண்டும் என்று தலைவரிடமும் கேட்டாள், வந்து போகிற அதிகாரிகளிடமும் கேட்டாள். "சும்மா பாட்டு சொல்லிக் குடும்மா, போதும்" என்றார்கள். வந்ததே ஆத்திரம்!

அடுப்புக்கரியை இடித்துக் கஞ்சியில் குழைத்தாள். ஏரிக்கரைச் செம்மண்ணைச் சலித்துக் கரைத்தாள். பிரஷ்ஷுக்கு எங்கே போவது? பிள்ளைகள் கையிலிருந்த விளையாட்டுச் சாமான்களே போதும் என்றாள். பம்பரத்தைச் செம்மண்ணில் தோய்த்து சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் சுற்றவிட்டால் தெறித்துத் தெறித்து ஒரு பூ. ரப்பர் பந்தை உருட்டினால் வளைந்து வளைந்து ஒரு பாதை. தையல்காரர் தூக்கிப்போடும் நூல்கண்டுக் கட்டையில் குச்சியைச் செருகி ஓட்டினால் பட்டையாக ஒரு கோடு. காகிதம் தீர்ந்ததும் எல்லாரும் வெளிச்சுவருக்கு வந்துவிட்டார்கள். துணியில் கரி பட்டால் போகாது, அம்மா அடிப்பாள் என்று வாண்டுகளுக்குச் செம்மண்ணைக் கொடுத்தாள், வளர்ந்ததுகளுக்குக் கரி. வளர்ந்த பிள்ளைகளின் கை எட்டிய இடத்தில் கறுப்புப் பட்டை, அதை ஒட்டிக் கீழே வாண்டுகளின் சிவப்புப் பட்டை. கொட்டகையைச் சுற்றி ஓட்டிவிட்டுக் குதியாய்க் குதித்தார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலுக்கு ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. மேலே கறுப்பு, கீழே சிவப்பு. வேறென்ன வேண்டும்? பூவராகவனோ எதிர்க்கட்சிக்காரர். தலைவர் கொட்டகையிலேயே ஆளுங்கட்சிக் கொடியா என்று டீக்கடையில் சிரித்துவிட்டார்கள். மனிதர் துண்டை உதறிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? என் எடத்துல குந்திக்கினு எனக்கு எதிராவே கொடி போடுறியா?"

"பசங்க கட்டைய உருட்டினா கொடியா? கண்ணத் தொடைச்சிக்கினு பாருங்க தலைவரே!"

"அதெல்லாம் தெரியாது. சுண்ணாம்பு அடி. இல்லாங்காட்டி பூட்டிக்கினு போயிடுவேன்."

மேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பூட்டிவிட்டால் பிள்ளைகள் வரப்புக்குத்தானே போகும்? பல்லைக் கடித்துக்கொண்டு சுண்ணாம்பு வாளியைத் தூக்கிவந்தாள். நார் மட்டையை நனைத்துச் சுவரில் வைக்கப்போனபோது பால்வாடி வாண்டு கங்கம்மா, கையில் கட்டையோடு அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நாங்க இன்னா தப்பு பண்ணோம் டீச்சர்?"

மட்டை வாளிக்குள் விழுந்தது. "ஒரு தப்பும் இல்லடி கண்ணு" என்றவள் பூவராகவன் பக்கம் திரும்பினாள். "பூட்டிக்கங்க."

அவரும் பூட்டினார். அவர் தலை மறைந்ததும் ஆளுங்கட்சித் தணிகாசலம் வாயெல்லாம் பல்லாக வந்தான். "தைரியம்னா தைரியம்க்கா! கூடவே நம்ம சின்னத்தையும் போட்டுடு, பெயிண்டு நான் தர்றேன்."

"தூ! கொழந்தைங்க வெளையாட்டுல உனுக்கு ஓட்டு கேக்குதா? ஓடுறா!" என்று விளக்குமாற்றை எடுத்தாள். ஓடினான்.

மறுநாள் பிள்ளைகள் வரப்பில் கிடந்தன. நவரைப் பருவத்து நெல் நடவு மும்முரம், வயலும் பூவராகவனுடையதுதான். மேரியும் போய் ஓடி ஓடிப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று சேற்றில் விழுந்தது. அழுகை கேட்கும்போதெல்லாம் ஒருத்தி நடவை விட்டுக் கரையேறினாள். நடவை விட்டு ஏறாதே என்று பூவராகவனின் மேஸ்திரி வீரராகவன் கத்தியதும் கங்கம்மாவின் தாய் தாயாரம்மாள் கையிலிருந்த நாற்று முடியை வீசி எறிந்தாள்.

"புள்ளைய எங்க உடறது, உன் தலை மேலயா? பால்வாடிய தொறக்கச் சொல்லு, நடுறோம்."

எல்லாரும் கரையேறி உட்கார்ந்துவிட்டார்கள். பறித்து வைத்த நாற்று வெயிலில் வாடியது. பொழுது சாய்வதற்குள் மேஸ்திரி வீரராகவன் சாவியோடு ஓடிவந்தான். மேரி அதைத் தொடவில்லை.

"பூட்டினது யாரு கையி? அந்தக் கையே வந்து தொறக்கட்டும்."

வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. பிள்ளைகளும் தாய்மார்களும் கொட்டகை வாசலில் நிற்க, குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "தொறக்குறேன்மா. அந்தக் கறுப்பு செவப்பு மட்டும் வேணாம். வேற கலரு போடச் சொல்லேன்."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் மேரிக்குப் பொங்கிவிட்டது.

"வேற கலரா? பச்சை எங்க? மஞ்ச எங்க? எத்தினி வாட்டி உங்ககிட்ட வந்து நின்னேன்! அடுப்புல கரி, கால்ல மண்ணு. எங்க பசங்களுக்கு நீங்கல்லாம் உட்டு வச்சது இந்த ரெண்டுதான் தலைவரே. அதுலயும் உங்களுக்குக் கொடிதான் தெரியுதா?"

பூவராகவன் மேஸ்திரியிடமிருந்து சாவியை வாங்கினார். பூட்டைத் திறந்தார். கடைசிப் பிள்ளை உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.